படியளந்த கைகள்

ஜோர்டான் நாட்டின் தென்பகுதியில், பாலைவனத்தின் விளிம்பில், மஆன் என்றோர் ஊர் இருக்கிறது. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கும் மக்காவுக்கும் சென்ற யாத்திரிகர்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கி இளைப்பாறிய ஊர் அது. துருக்கிய சுல்தானின் ஆட்சியில் ஹிஜாஸ் ரயில் பாதை போடப்பட்டபோது அங்கே ஒரு நிலையமும் அமைந்தது. 1920-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மக்காவின் ஷரீபாகிய ஹுசைனுடைய இரண்டாவது மகன் அப்துல்லா, தம் ஆதரவாளர்களுடன் அந்த மஆனில் வந்து இறங்கினார். அவரே பின்னாளில் ஜோர்டானின் முதல் மன்னரானார். ஆகவே அந்நாட்டு அரச வமிசத்தின் கதை மஆனில் தொடங்கிற்று என்று சொன்னால் அது பிழையாகாது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் அதே மஆனில் லாரி ஓட்டுநர்களும் டாக்ஸி ஓட்டுநர்களும் தெருவில் இறங்கினார்கள். பெட்ரோல் முதலிய பொருள்களின் விலையை அரசாங்கம் திடீரென்று உயர்த்தியிருந்தது. சீற்றம் தீயாய்ப் பரவியது. கரக், தஃபீலா, ஸல்த் ஆகிய ஊர்களும் கொதித்தெழுந்தன. துப்பாக்கிகள் முழங்கின; உயிர்கள் பலியாயின. இந்த ஊர்களெல்லாம் எதிர்க்கட்சிகளின் கோட்டைகள் அல்ல. அரியணைக்குத் தோள்கொடுத்து வந்த குலங்கள் வாழும் ஊர்கள். அரசின் படைக்கும் போலீசுக்கும் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள்.

முதல் மன்னரை முதலில் வரவேற்ற ஊர், அவருடைய பேரனின் ஆட்சியை எதிர்த்து முதலில் எழுந்தது ஏன்? அதைவிட வியப்பான வேறொரு கேள்வியும் உண்டு. அந்தக் கலகம் நடந்து ஏழு மாதங்கள் ஆவதற்குள் அந்நாட்டில் பொதுத் தேர்தல் நடந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக நடவாத தேர்தல் அது. விலை உயர்ந்ததென்று மக்கள் கூச்சலிட்டார்கள். வாக்குச் சீட்டு விடையாக வந்தது. ரொட்டிக்கும் வாக்குச் சீட்டுக்கும் அப்படி என்ன உறவு? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

நம் வழக்கில் படியளப்பவன் என்றொரு சொல் உண்டு. ஆண்டவனை அப்படிச் சொல்வோம். களத்து மேட்டில் நெல்லைக் கூலியாக அளந்து போடுபவரையும் அப்படியே சொல்வோம். படியளப்பவருடைய முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் நடந்துகொள்வது உலக இயல்பு. தனி மனிதருக்கு உள்ள இந்த இயல்பு அரசுகளுக்கும் உண்டு என்பது என் கருத்து. ஓர் அரசு யாருடைய பொருளில் வாழ்கிறதோ, அவருடைய சொல்லுக்கே அது செவி சாய்க்கும். குடிகளின் வரியில் வாழும் அரசு குடிகளிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறர் படியளக்க வாழும் அரசோ அந்தப் பிறருக்கே கணக்குச் சொல்கிறது. ஜோர்டானின் நூறாண்டு வரலாறு இதற்கு ஒரு நல்ல சான்று.

அப்துல்லா மஆனுக்கு வந்தபோது அவர் மனத்தில் இருந்தது ஜோர்டான் அன்று. அவருடைய தம்பி பைஸலை பிரெஞ்சுக்காரர்கள் டமாஸ்கஸ் அரியணையிலிருந்து விரட்டியிருந்தார்கள். அந்த நகரை மீட்பதாகவே அப்துல்லா அறிவித்தார். ஆனால் 1921 மார்ச்சில் அவர் ஜெருசலேம் சென்று, அப்பொழுது பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த சர்ச்சிலைச் சந்தித்தார். டமாஸ்கஸ் ஆசையை விட்டுவிட்டு ஜோர்டான் ஆற்றின் கிழக்குக் கரையை ஆளுவது என்றும், அதற்குப் பிரிட்டன் பொருளுதவி செய்வது என்றும் முடிவாயிற்று. அந்தக் கிழக்குக் கரையோ மழை குறைந்த பூமி, பெரும்பகுதி பாலை, எண்ணெய் வளமும் இல்லை. வரி போட்டு ஓர் அரசாங்கத்தை நடத்தும் அளவுக்கு அங்கே விளைவும் இல்லை, வாணிகமும் இல்லை. ஆகவே அந்த அரசு பிறக்கும்போதே பிறர் கொடுத்த பாலை உண்டு பிறந்தது.

1928-இல் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் நிதியும் வெளிநாட்டு உறவும் பிரிட்டனுடைய மேற்பார்வைக்கே விடப்பட்டன. அதே ஆண்டில் அம்மானில் ஒரு தேசிய மாநாடு கூடியது. குலத் தலைவர்களும் நகரப் பெரியோரும் அதில் கலந்துகொண்டு, மக்களின் பிரதிநிதிகளுக்குப் பொறுப்பான அரசாங்கம் வேண்டுமென்று தீர்மானித்தார்கள். மேலைநாட்டார் வந்து கற்றுக்கொடுத்த பிறகே அரபு மக்கள் அரசியல் சீர்திருத்தம் கேட்டார்கள் என்று எண்ணுவோர் இந்த மாநாட்டை நினைவிற்கொள்வது நல்லது. கேட்டவர்கள் உள்நாட்டார், மறுக்கும் வலிமை வெளியிலிருந்து வந்த பணத்தில் இருந்தது.

1946-இல் நாடு சுதந்திரம் பெற்றது, அமீர் மன்னரானார். ஆயினும் அரபுப் படை எனப்பட்ட அந்நாட்டுச் சேனைக்குத் தலைவர் குளப் பாஷா என்ற ஆங்கிலேயர். அந்தப் படைக்குப் பிரிட்டன் ஆண்டுதோறும் கொடுத்த மானியம் அம்மானிலுள்ள கருவூலத்துக்குப் போகவில்லை. லண்டனில் படையின் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்கே போயிற்று. 1950-களின் நடுவில் அந்த மானியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 லட்சம் பவுனாக இருந்தது. கொடி ஜோர்டானுடையது, போர்வீரர் ஜோர்டானியர், பணப்பையின் சுருக்குக் கயிறு மட்டும் வேறொருவர் கையில். சுதந்திரம் என்ற சொல்லுக்கு இதைவிடக் கசப்பான விளக்கவுரை வேண்டியதில்லை.

1951 ஜூலையில் மன்னர் அப்துல்லா ஜெருசலேமில் தொழுகைக்குச் சென்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகன் தலால் ஆண்டது ஏறத்தாழ ஓராண்டுக் காலமே. உடல்நலம் குன்றியதால் அவர் விலக்கப்பட்டார். ஆனால் அந்தக் குறுகிய காலத்தில், 1952-இல், அவர் நாட்டுக்கு ஓர் அரசியல் சாசனத்தை அளித்துச் சென்றார். அமைச்சரவை பிரதிநிதிகள் சபைக்குப் பொறுப்பானது என்பது அதன் உயிர்நாடி. பின்னர் பலமுறை திருத்தப்பட்ட போதிலும், அந்நாட்டின் அடிப்படைச் சட்டமாக நிலைத்தது அந்தச் சாசனமே.

அடுத்து வந்தவர் இளைஞரான மன்னர் ஹுசைன். 1956 மார்ச் முதல் நாள் அவர் குளப் பாஷாவைப் பதவியிலிருந்து நீக்கி நாட்டைவிட்டு அனுப்பினார். நாடெங்கும் ஆரவாரம் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த தேர்தல், அந்நாடு அதுவரை கண்ட தேர்தல்களில் மிகவும் சுதந்திரமானது. தேசிய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர் சுலைமான் நாபுல்சி பிரதம மந்திரியானார். மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் பலத்தில் அமைந்த மந்திரிசபை என்று அதைத் துணிந்து கூறலாம்.

இங்கேதான் வரலாறு நமக்கு ஓர் அரிய பாடத்தை வைத்திருக்கிறது. நாபுல்சியின் மந்திரிசபை பிரிட்டனின் மானியத்தை வேண்டாமென்று உதறத் துணிந்தது. ஆனால் அந்தப் பணத்துக்குப் பதில் என்ன? எகிப்து, சிரியா, சவூதி அரேபியா ஆகிய மூன்று அரபு நாடுகளும் சேர்ந்து ஆண்டுக்கு 125 லட்சம் எகிப்தியப் பவுன் தருவதாக 1957 ஜனவரியில் கெய்ரோவில் ஒப்பந்தம் செய்தன. மார்ச்சில் பிரிட்டிஷ் உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. ஆனால் மூவரில் சவூதி அரேபியா மட்டுமே தன் பங்கில் முதல் தவணையைக் கொடுத்தது; மற்ற இருவரிடமிருந்தும் பணம் வரவில்லை. சுதந்திரமான சபையும் தன் கால்களைப் பிறர் பணத்தின் மேலேயே ஊன்றியிருந்தது. படியளக்கும் கையை மாற்றினார்களே அன்றி, பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையை மாற்ற அவர்களாலும் இயலவில்லை. குற்றம் அவர்களுடையது என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு மாதம்கூட நிலைக்காத ஒரு மந்திரிசபை அத்தகைய மாற்றத்தை எவ்வாறு செய்திருக்க முடியும்?

1957 ஏப்ரலில் மன்னருக்கும் மந்திரிசபைக்கும் இடையே பிளவு முற்றியது. நாபுல்சி விலக நேர்ந்தது. ஸர்காவிலிருந்த படை முகாமில் குழப்பம் மூண்டது. ராணுவச் சட்டம் வந்தது, கட்சிகள் கலைக்கப்பட்டன. அமெரிக்கா தன் கடற்படையைக் கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியது. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் 1 கோடி டாலர் உதவியையும் அறிவித்தது. ஒரு கை விலகிய இடத்தில் மற்றொரு கை வந்து படியளந்தது. மன்னரின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. சுற்றிலும் அரியணைகள் ஆட்டங்கண்ட காலம் அது. மறு ஆண்டே அவருடைய உறவினரான ஈராக் மன்னர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். ஆயினும், புதிய உதவி வந்ததும் சபையின் குரல் தேவையற்றதாகிவிட்டது என்ற உண்மையை மறுப்பதற்கில்லை.

அந்த உதவி வீணாயிற்று என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. யார்மூக் ஆற்று நீரைத் திருப்பிக் கிழக்குக் கரைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டு சென்ற கால்வாய் அமெரிக்கப் பணத்தில் எழுந்தது. அதனால் வறண்ட நிலம் பச்சைப் போர்வை போர்த்தது. பள்ளிகள் பெருகின, சாலைகள் பிறந்தன. 1948-இலும் 1967-இலும் வீடிழந்து வந்த பாலஸ்தீன அகதிகளுக்கு உலக நாடுகளின் சபை வழியாக உணவும் கல்வியும் கிடைத்தன. பசித்தவனுக்குக் கிடைத்த சோற்றை, அதைக் கொடுத்தவனின் உள்நோக்கம் பற்றிப் பேசி நாம் இகழலாகாது. உதவி நல்லதா தீயதா என்று நான் கேட்கவில்லை. உதவி பெறும் அரசுக்கும் அதன் குடிகளுக்கும் இடையே அந்த உதவி என்ன செய்கிறது என்பதே என் கேள்வி.

1967 போரில் மேற்குக் கரை பறிபோயிற்று. கார்ட்டூம் மாநாட்டில் சவூதி அரேபியா, குவைத், லிபியா ஆகிய மூன்றும் ஜோர்டானுக்கு ஆண்டுக்கு 4 கோடி பவுன் தர முன்வந்தன. 1978-இல் பாக்தாது மாநாட்டில் அரபு நாடுகள் வாக்களித்த தொகையோ ஆண்டுக்கு 125 கோடி டாலர். அதுவும் பத்து ஆண்டுகளுக்கு. எண்ணெய் விலை வானளாவ உயர்ந்திருந்த காலம் அது. அந்தப் பணத்தில் அரசாங்க வேலைகள் பெருகின. ரொட்டியும் எரிபொருளும் மலிவாகக் கிடைத்தன. 1974-க்குப் பிறகு பிரதிநிதிகள் சபை முடக்கப்பட்டிருந்தது. 1978-இல் நியமன உறுப்பினர்கள் அறுபது பேரைக் கொண்ட ஆலோசனை மன்றம் ஒன்று அமைந்தது. மேற்குக் கரை அன்னியர் வசம் இருக்கையில் தேர்தல் நடத்த இயலாது என்பது சொல்லப்பட்ட காரணம். அது உண்மையான காரணமும்தான். ஆனால் வரி அதிகம் கேளாத அரசிடம் வாக்கு அதிகம் கேளாத மக்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எழுதாத ஓர் ஒப்பந்தம் அது: அரசு மலிவாக உணவு தரும், குடிகள் மௌனம் காப்பார்கள்.

1980-களில் எண்ணெய் விலை சரிந்தது. வாக்களித்த நாடுகள் கையைச் சுருக்கிக்கொண்டன. அரசாங்கமோ கடன் வாங்கியது. 1988-இல் ஜோர்டான் தினாரின் மதிப்பு வீழத் தொடங்கியது. 800 கோடி டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கடன் நாட்டை அழுத்தியது. சர்வதேச நிதி நிறுவனத்தின் வாசலுக்கு அரசாங்கம் சென்றது, நிறுவனம் நிபந்தனை விதித்தது, விலைகள் ஏறின. எழுதாத ஒப்பந்தத்தில் அரசு தன் பங்கைத் தர முடியாமற் போனதும், குடிகள் தங்கள் மௌனத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மஆன் எழுந்தது இதனால்தான். அரசின் சம்பளத்தையும் மானியத்தையும் பெரிதும் நம்பியிருந்த ஊர்கள் ஆதலால், தென்னாட்டு ஊர்கள் முதலில் வலியை உணர்ந்தன. அவர்கள் விலைக் குறைப்பை மட்டும் கேட்கவில்லை; பிரதம மந்திரி விலக வேண்டும், ஊழலுக்குக் கணக்குக் கேட்க வேண்டும், நேர்மையான தேர்தல் வேண்டும் என்றும் கேட்டார்கள்.

மன்னர் ஹுசைன் காலத்தின் குறிப்பை அறிந்தவர். பிரதம மந்திரி ஸைத் ரிஃபாயி விலகினார். 1989 நவம்பர் 8-ஆம் நாள் தேர்தல் நடந்தது. பொதுத் தேர்தல் ஒன்றில் பெண்கள் வாக்களித்தது அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதல் முறை. 80 இடங்களில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பினர் 22 இடங்களைப் பெற்றனர், இடதுசாரிகளும் வென்றனர். 1991-இல் தேசியப் பட்டயம் ஒன்று உருவாயிற்று. 1992-க்குள் ராணுவச் சட்டம் முற்றிலும் நீங்கியது. கட்சிகள் மீண்டும் சட்டபூர்வமாயின. இவை நடந்த காலத்தில் ஜோர்டானுக்குக் கொடுப்பார் அநேகமாக இல்லை. குவைத் போரில் அமெரிக்காவின் அணியில் சேராததால் வளைகுடா நாடுகளும் மேலைநாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. கருவூலம் வறண்ட அந்த ஆண்டுகளிலேதான் அந்நாட்டின் சபை உயிரோடு பேசியது.

பின்னர் நடந்ததையும் பாருங்கள். 1993-இல் தேர்தல் சட்டம் மாற்றப்பட்டது. ஒருவருக்கு ஒரே வாக்கு என்ற அந்த முறை கட்சிகளை மெலியச் செய்து, குல உறவை வலுப்படுத்தியது. 1994 அக்டோபரில் இஸ்ரேலோடு சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமெரிக்கா ஏறத்தாழ 70 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. உதவி மீண்டும் பெருகியது. 1996 ஆகஸ்டில் ரொட்டி விலை உயர்ந்தபோது கரக் நகரம் கலகம் செய்தது. இம்முறை தேர்தல் வரவில்லை. ஊரடங்கு வந்தது, சபையின் கூட்டத் தொடரும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ரொட்டி, அதே தென்னாடு, அதே மன்னர். மாறியிருந்தது ஒன்றுதான்: படியளப்போர் திரும்பி வந்திருந்தார்கள்.

1999-இல் ஹுசைன் மறைந்தார். மகன் இரண்டாம் அப்துல்லா அரியணை ஏறினார். 2001-இல் கலைக்கப்பட்ட சபை 2003 வரை மீண்டும் கூடவில்லை. அந்த இடைவெளியில் 200-க்கும் மேற்பட்ட தற்காலிகச் சட்டங்கள் சபையின்றியே பிறந்தன. 2011-இல் அரபு நாடுகளெங்கும் மக்கள் எழுந்தபோது ஜோர்டானிலும் ஊர்வலங்கள் நடந்தன. சாசனத்தில் பல பிரிவுகள் திருத்தப்பட்டன. சாசன நீதிமன்றமும், தேர்தலை நடத்தத் தனி ஆணையமும் தோன்றின. அதே ஆண்டு டிசம்பரில் வளைகுடா நாடுகள் 500 கோடி டாலர் உதவியை அறிவித்தன. அமைச்சரவையை அமைக்கும் அதிகாரம் மட்டும் மன்னரிடமே தங்கியது.

2018 மே மாத இறுதியில், வருமான வரியை உயர்த்தும் மசோதாவை எதிர்த்து அம்மானில் பல்லாயிரவர் இரவு தோறும் கூடினர். பிரதம மந்திரி ஹானி முல்கி விலகினார். மசோதா திரும்பப் பெறப்பட்டது. ஒரே வாரத்தில் சவூதி அரேபியாவும் குவைத்தும் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் மக்காவில் கூடி 250 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. அண்டை வீட்டில் பிடித்த தீ தம் வீட்டுக்குப் பரவிவிடக் கூடாதே என்ற கவலை அந்த ஈகையில் கலந்திருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சற்றே மாற்றப்பட்ட வரிச் சட்டம் நிறைவேறியது. வரி வந்துவிட்டது, வரிக்கு ஈடான அதிகாரம் சபைக்கு வந்ததா?

2022-இல் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. சபையின் 138 இடங்களில் 41 இடங்கள் கட்சிகளின் பட்டியலுக்கு ஒதுக்கப்பட்டன. அதே ஆண்டில், ஏழு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 145 கோடி டாலர் அளிப்பதாக அமெரிக்கா ஜோர்டானோடு உடன்பாடு செய்துகொண்டது. 2024 செப்டம்பரில் நடந்த தேர்தலில் இஸ்லாமிய நடவடிக்கை முன்னணி 31 இடங்களைப் பெற்று முதலிடம் வகித்தது. ஆனால் வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்கவில்லை. எஞ்சியோர் சோம்பலால் வீட்டில் இருந்தார்கள் என்று நான் கருதவில்லை. தங்கள் வாக்கு நாட்டின் கருவூலத்தைத் திறக்கும் திறவுகோல் அன்று என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

கொடுத்த நாடுகள் யாவும் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசாமலில்லை. அவற்றின் அறிக்கைகளில் மக்களாட்சி என்ற சொல் தவறாமல் இடம்பெற்றது. ஆனால் அவை விலை கொடுத்து வாங்கியது அமைதியை. எல்லையில் அமைதி, தெருவில் அமைதி. சொன்னது ஒன்று, வாங்கியது மற்றொன்று என்றால், பெறுபவன் எதைக் கவனிப்பான்? வாங்கப்பட்ட பொருளையே அவன் மேலும் விளைவிப்பான். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை ஒரே ஆணையால் நிறுத்தி வைத்தபோது, ஜோர்டானில் அதனால் நடந்து வந்த பல திட்டங்கள் தடைப்பட்டன. அன்னியர் படி எவ்வளவு பெரியதாயினும், அது அளப்பவர் மனத்தைப் பொறுத்தது என்பது மறுபடியும் விளங்கிற்று.

இதிலிருந்து, உதவியை அடியோடு நிறுத்திவிட்டால் மக்களாட்சி தானாக மலரும் என்ற முடிவுக்கு வருவோமானால் அது கொடுமையான முடிவாகும். மஆனில் இறந்தவர்களின் குடும்பங்கள் அதை ஏற்கமாட்டா. பட்டினி எந்தச் சாசனத்தையும் எழுதியதில்லை. 1989-இல் சுதந்திரத்தைக் கொண்டு வந்தது வறுமை அன்று. மக்களிடம் கேட்டே தீரவேண்டிய நிலைக்கு அரசு வந்ததே காரணம். கேட்கும் வழக்கம் நெருக்கடியின்போது மட்டும் தோன்றி, பணம் வந்தவுடன் மறைந்துவிடுமானால், அது சீர்திருத்தம் ஆகாது. மழைக்கு ஒதுங்கியது போன்றதே ஆகும். உதவி வரும் நல்ல நாளிலும் அந்தப் பணத்தின் கணக்கு பிரதிநிதிகள் சபையின் மேசைமீது வைக்கப்படுமானால், அன்றுதான் 1928-இல் அம்மானில் கூடிய பெரியோரின் தீர்மானம் நிறைவேறியதாகும்.

மஆன் நகரத்து மக்கள் தங்கள் மன்னரை வெறுக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் தங்கள் பாட்டனார்கள் வரவேற்ற வமிசத்திடம் அவர்கள் ஒன்றைத்தான் கேட்டார்கள்: எங்களிடமிருந்து எடுப்பதாயின், எங்களைக் கேட்டு எடுங்கள். படியளக்கும் கை எதுவாயினும், அளவைப் பார்க்கும் உரிமை உண்பவனுக்கு உண்டு. அந்த உரிமையைக் கேட்டுத்தான் அன்று அந்தப் பாலைவன விளிம்பில் ஓர் ஊர் குரல் எழுப்பியது.